பழைய மீசான் கல்லில் ஆண்டைப் படிப்பது எப்படி?

கீழக்கரையில் வள்ளல் சீதக்காதியின் அடக்கத்தலத்தைத் தேடிப் போகிறவர்கள் பலர். பெயர் தெரியாதவர்களின் மீசான் கற்களுக்கு, அதாவது முஸ்லிம்களின் அடக்கத்தலத்தில் நடும் கற்களுக்கு, முன்னால் குனிகிறவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கற்கள்தான் பிடிக்கும். ஆண்டை மட்டும் சரியாகப் படித்துவிட்டால், அடங்கியிருப்பவர் சேதுபதி மன்னர்கள் காலத்தவரா, கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்தவரா என்பது தெரிந்துவிடும்.

1. மையவாடி (முஸ்லிம்களை அடக்கும் இடம்) என்றால் ஜமாஅத்திலும், கல்லறைத் தோட்டம் என்றால் பங்குத்தந்தையிடமும் அனுமதி கேளுங்கள். பெண்கள் உள்ளே போகலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

2. காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போது போங்கள். உச்சி வெயிலில் எழுத்துகள் மறைந்துவிடும். கல் நிழலில் இருந்தால் உள்ளங்கை அளவுக் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்புங்கள். கைப்பேசி விளக்கைப் பலர் சொல்கிறார்கள். பகலில் அது வீண்.

3. சுத்தம் செய்ய மென்மையான தூரிகை போதும், தண்ணீரும் வேண்டாம். எழுத்தை எடுத்துக்காட்டச் சாக்கட்டி பூசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். உப்புக்காற்றில் அரித்த பவளக்கல் தொட்டாலே பொடியாக உதிரும். சந்தேகம் இருந்தால், 1964 புயலில் இடிந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். தேன்கூடு போல் துளைத்துளையாக இருக்கும்.

4. சிக்கலெல்லாம் இங்கேதான். அரபு எண்களில் வட்டம் சுழியம் அன்று, ஐந்து. சுழியத்துக்கு வெறும் புள்ளிதான். 1250 என்பது ஒரு நேர்கோடு, ஒரு இரண்டு, ஒரு வட்டம், ஒரு புள்ளி என்று செதுக்கப்பட்டிருக்கும். வட்டத்தைச் சுழியமாக எடுத்துக்கொண்டு, கடைசிப் புள்ளியைக் கல்லின் குழி என்று விட்டுவிட்டால் 120 ஆகிவிடும்! எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும், எண்ணை நாம் படிப்பதுபோல் இடமிருந்தே படிக்க வேண்டும். புள்ளியா குழியா என்று தெரியாவிட்டால் கண்ணாடியை இரண்டு பக்கமும் மாற்றிப் பிடியுங்கள். செதுக்கிய புள்ளியின் விளிம்பு பொதுவாக ஒழுங்காக இருக்கும். அரிப்புக் குழி ஒரு பக்கம் பிய்ந்திருக்கும்.

5. இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரியை ஆங்கில ஆண்டாக மாற்ற வெறுமனே 622 கூட்டக் கூடாது. அது சந்திர ஆண்டு, ஏறக்குறைய 354 நாள்தான். 0.97ஆல் பெருக்கிவிட்டு 622 கூட்டுங்கள். 1250 அப்போது 1834 ஆகும். வெறுமனே கூட்டினால் 1872. பேரனின் காலத்துக்குப் போய்விடுவீர்கள். இந்தக் கணக்கிலும் ஓராண்டு முன்பின் ஆகலாம்.

பிற்சேர்க்கை: ஆண்டு எண்ணாக இல்லாமல் சொல்லாகவே எழுதியிருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். படம் எடுத்து, பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்திடம் காட்டுங்கள். தமிழ்க் கல்வெட்டில் 'பிரபவ' என்பதுபோல் பெயர் மட்டும் இருந்தால் அது 60 ஆண்டுக்கு ஒருமுறை வருவது: 1867, 1927, 1987. எது என்பதைப் பக்கத்துக் கல்லறைகளின் ஆண்டுகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.