இருக்கிற இரண்டு ஆம்ப்பிலேயே ஒரு புது டோன்

கிட்டாருக்குப் புதிதாக ஒரு ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) வாங்கக் கை பரபரக்கிறதா? முதலில் வீட்டில் இருக்கும் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டுப் பாருங்கள். ஒன்றைக் கிளீனாகவும் (சுத்தமான ஒலி) மற்றதை டிஸ்டார்ஷனாகவும் (கரகரத்த ஒலி) வைத்தால், பிக் தட்டும் சத்தம் கிளீனில் பளிச்சென்று வரும். நோட்டை இழுத்துப் பிடிப்பதை மற்றது பார்த்துக்கொள்ளும். ஒரே ஆம்ப்பில் கெய்னை (சிக்னலைப் பெருக்கும் அளவை) எவ்வளவு திருகினாலும் இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

பிரிக்க வேண்டியது கிட்டார் சிக்னலை மட்டும்தான். ஒரு ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவுட்டை இன்னொன்றின் இன்புட்டில் செருகாதீர்கள். இரண்டு ஆம்ப்பையும் ஒரே ஸ்பீக்கரில் இணைக்காதீர்கள். வால்வ் ஆம்ப்பை (கண்ணாடிக் குழல்களால் இயங்குவது) ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடலாம்.

1. பிரிப்பது

சாதாரண ‘ஒய்’ கேபிளிலும் வேலை நடக்கும். ஆனால் 1 மெகாஓம் இன்புட்டுகள் இரண்டு சேர்ந்தால் கிட்டாருக்கு 500 கிலோஓம் ஆகிவிடும். ட்ரெபிள் கொஞ்சம் மங்கும். பஃபர் (சிக்னல் மங்காமல் காக்கும் சுற்று), ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரண்டு ஆம்ப்பின் எர்த்தையும் பிரித்து வைப்பது), போலாரிட்டி சுவிட்ச் (சிக்னலைத் தலைகீழாக்குவது) மூன்றும் உள்ள ஏபிஒய் பெட்டிதான் (கிட்டாரை ஒரு ஆம்ப்புக்கோ இரண்டுக்குமோ அனுப்பும் பெட்டி) என் கட்சி. அடுத்த டிரைவ் பெடலுக்கு எடுத்துவைத்த காசை இதில் போடலாம்.

2. இரைச்சல்

இரண்டாவது ஆம்ப்பை இணைத்ததும் ‘உம்ம்ம்’ என்று வந்தால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு ஆம்ப்பின் எர்த்தும் கேபிள் வழியாகச் சேர்ந்து ஒரு வளையமாவது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் ஒரு ஆம்ப்பை ஏபிஒய் பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள அவுட்டுக்கு மாற்றுங்கள். பிளக்கின் எர்த் பின்னில் மட்டும் கை வைக்க வேண்டாம். உங்கள் விரல் தொடும் கம்பி அந்த எர்த்தோடுதான் இணைந்திருக்கிறது. உள்ளே ஏதாவது பழுதானால் ஷாக் உங்களுக்குத்தான்.

3. போலாரிட்டி

பெரும்பாலானோர் “நல்லாவே இல்லையே” என்று எல்லாவற்றையும் கழற்றிவைப்பது இந்த இடத்தில்தான். ஆம்ப்புக்குள் சிக்னல் கடக்கும் சாதாரண கெய்ன் ஸ்டேஜ் (சிக்னலைப் பெருக்கும் படி) ஒவ்வொன்றும் அதைத் தலைகீழாக்கும். ஒன்றில் ஸ்டேஜ்கள் ஒற்றைப்படை, மற்றதில் இரட்டைப்படை என்றால், ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். பேஸ் முழுக்கக் காணாமல் போகும்.

கண்டுபிடிப்பது சுலபம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே பக்கம் பார்த்தபடி வையுங்கள். வால்யூமைச் சமமாக்கி, தடித்த ஈ கம்பியைப் பாம் மியூட்டில் (உள்ளங்கை ஓரத்தால் லேசாக அழுத்தியபடி) அடியுங்கள். முதலில் ஒரு ஆம்ப், பிறகு இரண்டும். சேர்ந்து ஒலிக்கும்போது கனம் கூட வேண்டும். மெலிந்து, மூக்கால் பேசுகிற மாதிரி ஆனால் போலாரிட்டி சுவிட்சைத் தட்டுங்கள். சுவிட்ச் இல்லாவிட்டால், ஆம்ப்பை அணைத்துவிட்டு ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் வயர்களை மட்டும் மாற்றிப் போடலாம்.

சேனல் மாற்றினால் மறுபடி சோதியுங்கள். பழைய ஃபெண்டர் பிளாக்ஃபேஸ் ஆம்ப்களில் நார்மல் சேனலும் ரிவெர்ப் உள்ள சேனலும் ஒன்றுக்கொன்று எதிர் போலாரிட்டி.

4. கலப்பது

டிஸ்டார்ஷன் ஆம்ப்பில் பேஸைக் குறையுங்கள், கனத்தைக் கிளீன் சுமக்கட்டும். ஒன்றில் மிட் (பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் நடுவில் உள்ள ஒலி) தூக்கலாக இருந்தால் மற்றதில் இறக்குங்கள். தனியாகக் கேட்டால் சகிக்காத செட்டிங்தான் பலமுறை சேர்க்கையில் ஜோராக இருக்கும்.

பின்சேர்க்கை: சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் குழாய்க்குள் வாசிப்பதுபோல இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஒன்று டிஜிட்டல் மாடலிங் ஆம்ப் (வேறு ஆம்ப்களின் ஒலியைக் கணினி முறையில் போலச் செய்வது) என்றால் அதன் சத்தம் ஓரிரு மில்லிசெகண்ட் பிந்தி வரலாம். போலாரிட்டி சுவிட்சுக்கு அது கட்டுப்படாது. ஒலி 1 மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். ஆகவே டிஜிட்டல் ஆம்ப்பைக் கேட்பவர் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள். அந்த ஒரு இடத்துக்கு மட்டும்தான் இது சரிவரும். அதைவிட, டிஜிட்டலில் டிரை சிக்னலை (எஃபெக்ட் சேராத நேரடி ஒலியை) முழுக்க அணைத்து, டிலேயும் ரிவெர்பும் மட்டும் வரவிடுங்கள். எதிரொலி சற்றுப் பிந்தி வந்தால் யாருக்கும் தெரியாது.