கழக மதியக் கூட்டத்தில் பொங்கல் விருந்து

ஒரு மணித்தியாலக் கூட்டத்தில் 40 பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் பரிமாற, பச்சையரிசி ஒன்றரைக் கிலோ, வறுத்த பயறு 400 கிராம், சர்க்கரை ஒன்றரைக் கிலோ போதும். அரிசி நன்றாகக் குழைந்த பிறகே சர்க்கரையைப் போடுங்கள். முந்திப் போட்டால் அரிசி வேகாது, விறைத்துவிடும். பலரும் பிழைவிடுவது இதில்தான்.

கொழும்பில் வெள்ளவத்தையில் சமைத்துக் கோட்டைப் பகுதிக்குக் கொண்டுபோவதென்றால், மதிய நெரிசலில் காலி வீதியிலேயே பொங்கல் இறுகிவிடும். சற்றுத் தளர்வாக இறக்கி, சூடான தேங்காய்ப்பாலை ஒரு போத்தலில் தனியே எடுத்துச் சென்று, பரிமாறமுன் கலக்குங்கள். மரக்கறிச் சாப்பாட்டுக்கு வேறு மேசை, வேறு அகப்பை கட்டாயம். பேச்சாளரை எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு அழையுங்கள், தட்டுச் சத்தத்தில் அவர் பேச்சு அமுங்கக்கூடாது.