மேசை மேல் ஒரு தொலைந்த நகரம்

களுவாஞ்சிகுடிப் பக்கம் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுத்துத் திரிகிற ஆள் நான். பள்ளிக்கூட லீவு விட்டால் அக்காவின் பிள்ளைகள் ஒரே ஆக்கினை. காட்டுக்குள் மறைந்துபோன நகரத்தைத் தேடிப் போகிற படம் எடுக்க வேண்டுமாம். ஒரு போனும் ஒரு மேசையும் இருந்தால் எடுக்கலாம்.

பழைய கல் வேண்டும் என்று பழைய இடிபாடுகள் கிடக்கிற ராஜகல மலைப் பக்கம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். தொல்லியல் இடத்தில் அனுமதியில்லாமல் மண்ணைக் கிண்டுவது குற்றம், நடிப்புக்கு என்றாலும் மண்வெட்டி தூக்க வேண்டாம். அதோடு நம்ம பக்கம் ஒரு பழைய கல்லைக் காட்டினாலே யாருடையது என்ற வழக்குத்தான் முன்னுக்கு நிற்கும். "மாமா, இது எந்த ராசாட கோட்டை?" என்று சின்னவள் கேட்டாள். "ஒரு ராசாடயும் இல்ல மனே, நீங்களே ஆளை யோசியுங்க" என்றேன். எழுத்து, கொடி, கடவுள் எல்லாம் பிள்ளைகளே வரையட்டும். கதையில் பாதி அதிலேயே வந்துவிடும்.

நகரத்தை ரெஜிபோமில் (பெட்டிக்குள் பொருள் உடையாமல் வைக்கிற வெள்ளை நுரைப் பலகை) வெட்டுங்கள். இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு பிடித்தால் கணக்கு லேசு: 4 மீற்றர் வாசல் 16 சென்ரிமீற்றர். ஸ்பிறே பெயின்ற் அடிக்க வேண்டாம், ரெஜிபோமைத் தின்றுவிடும். தண்ணியில் கரைகிற பெயின்றில் கொஞ்சம் சீமெந்துத் தூள் கலந்து பூசினால் கல் மாதிரியே வரும். பற்றைக்கு உண்மையான புல்லை நட்டால் ஒவ்வொரு இலையும் தென்னை உயரத்துக்குத் தெரியும். தும்புத் தூளையும் பாசியையும் ஒட்டுங்கள்.

அடுத்தது நிற்பாட்டுகிற இடம், வித்தை முழுக்க இதில்தான். கடற்கரையில் போனை ஸ்ராண்டில் 1.25 மீற்றர் உயரத்தில் பூட்டுங்கள். நகரம் இருக்கிற பலகை போனிலிருந்து 40 சென்ரிமீற்றர் முன்னால், கமராக் கண்ணாடிக்கு 5 சென்ரிமீற்றர் கீழே இருக்க வேண்டும். பிள்ளைகள் 10 மீற்றர் தள்ளி நிற்கட்டும். எல்லாமே அதே இருபத்தைந்து மடங்கு. அகலமாகக் காட்டுகிற 0.5 கமராவில் எடுங்கள், கிட்ட இருப்பதும் தூர இருப்பதும் சேர்ந்து தெளிவாக வரும். பலகையின் விளிம்பை மணலால் மறைத்துவிட்டால், பிள்ளைகள் பெரிய வாசலடியில் நிற்கிற மாதிரித்தான் தெரியும். போனை மட்டும் இம்மியும் அசைக்கக் கூடாது, அசைந்தால் குட்டு உடையும். கச்சான் காற்று எழும்ப முதல், காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பயணம் புறப்படுகிற காட்சிக்குக் குருமண்வெளியில் மண்டூர்ப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில், ஏறினால் போதும். எழுவான்கரை, அதாவது வாவியின் கிழக்குக் கரை, பின்னால் சின்னதாகிப் போவதை ஒரே ஷொட்டில் விடுங்கள். பிள்ளைகளுக்கு வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள், மனப்பாடம் செய்ததை ஒப்புவிக்கிற முகத்தை எந்த எடிற்றிங்கும் காப்பாற்றாது.

சத்தத்தைத் தனியாக எடுங்கள். கல்கதவு திறக்கிற சத்தத்துக்குப் பெத்தாவின் (பாட்டியின்) அம்மியில் குழவியை மெல்ல இழுத்துப் பதிந்து, வேகத்தைப் பாதியாக்குங்கள். சத்தம் அடித்தொண்டைக்கு இறங்கிவிடும். பெத்தா பக்கத்தில் நின்று ஏசுவது பதியாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

நகரம் இடிகிற காட்சியைக் கடைசிக்கு வையுங்கள், அதற்குப் பிறகு நகரம் இருக்காது. விழ வேண்டிய துண்டுகளை ஒட்டாமல் அடுக்கி, இடையில் செங்கல் தூள் தூவி, பின்னால் ஒரு நூல் கட்டி இழுங்கள். சின்னப் பொருள் சட்டென்று விழுந்துவிடும், கண் உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் வினாடிக்கு 120 படம் எடுத்து 24 ஆக ஓட்டுங்கள். நகரம் எத்தனை மடங்கு சின்னதோ அதன் வர்க்கமூலம் அளவுக்கு மெதுவாக்க வேண்டும்: இருபத்தைந்தின் வர்க்கமூலம் ஐந்து, ஐந்து மடங்கு மெதுவானால் எடை வந்துவிடும். இழுக்க முதல் கீழே ஒரு படங்கு விரித்துக்கொள்ளுங்கள். ரெஜிபோம் மணிகள் மணலுக்குள் போனால் பொறுக்கவே முடியாது.