வாசகசாலையில் மூன்று மணித் தலைவலி

தக்கலைப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலையில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தினமும் இருபது பேராவது இருப்பார்கள். "அண்ணே, மூணு மணி ஆனா தலை கனக்குது, கண்ணு சொருகுது" என்று ஒரு பிள்ளை சொன்னாள். வெயில் என்று நினைத்தேன். ஆனால் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடைத்த அறையில் எல்லோரும் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அதை அளக்கும் மீட்டர் வாங்கினேன். முதலில் வாங்கிய மலிவு மீட்டர் வேறு வாயுக்களை வைத்துக் கணக்குப் போடுவது. யாரோ சானிடைசர் தடவியதும் எகிறியது. அதை நம்பவே கூடாது. அப்புறம் என்டிஐஆர் சென்சார் (அகச்சிவப்பு ஒளியை வைத்து கார்பன் டை ஆக்சைடையே நேராக அளப்பது) உள்ளதை வாங்கி, முற்றத்தில் வைத்து, வெளிக்காற்றில் இருக்கும் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) பக்கம் காட்டுகிறதா என்று சரிபார்த்தேன். உள்ளே, உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில், சன்னலுக்கும் ஆட்களின் மூச்சுக்கும் தள்ளி வைத்தேன். நாலு மணிக்கு 2,100! ஆயிரத்தைத் தாண்டினாலே காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். வெளிக்காற்று வர வேறு வழி வேண்டும். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், வெண்டிலேட்டரில் சிமெண்ட் சாக்கு திணித்திருந்தது, ஒட்டடையோடு. சாரலுக்குப் பயந்து யாரோ அடைத்திருக்கிறார்கள். ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை பெய்கிற ஊர், குற்றம் சொல்ல முடியாது. சாக்கை உருவி, கொசுவலை அடித்து, வெளியே சாரல் தடுக்கத் தகடு வைத்தோம். எதிர்ச்சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்.

மறுவாரம் அதே கூட்டம், அதே நேரம்: 850. இப்போது அந்தப் பிள்ளையே மீட்டரைப் பார்த்து, எண் ஏறினால் சன்னலைத் திறந்துவிடுகிறாள்.