நோயாளியின் மனதில் இருப்பதைக் கேட்க இளம் வைத்தியர்களைப் பழக்குவது எப்படி?

திருகோணமலையில் குடும்ப மருத்துவம் பயிலும் இளம் வைத்தியர்களுக்கு நோயாளியுடன் உரையாடக் கற்றுக்கொடுக்கிறேன். முதல் வருடம் நான் நடத்திய பாடம் பலன் தரவில்லை. பிறகு மாற்றிக்கொண்ட முறை இது. முகமன் கூறுவது, பெயர் கேட்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

முதல் படி: நோயாளியின் கதிரையை மேசையின் மூலைப்பக்கம் போடுங்கள். மேசை குறுக்கே நிற்கக் கூடாது.

இரண்டாம் படி: நோயாளியின் சம்மதத்துடன் உரையாடலைப் பதிவுசெய்து, வைத்தியர் எத்தனையாவது செக்கனில் குறுக்கிட்டார் என்று எண்ணச் சொல்லுங்கள். 1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் இருவரும் 74 சந்திப்புகளை ஆராய்ந்தபோது சராசரி 18 செக்கன்தான். கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவே போதும். கமராவைக் கண்டால் நோயாளி விறைத்துவிடுகிறார். சரிபார்ப்புத் தாளும் நான் கொடுப்பதில்லை. கண் தாளுக்குப் போய்விடும்.

மூன்றாம் படியில்தான் நான் நெடுநாள் தடுமாறினேன். நோயாளி என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், எதை எதிர்பார்க்கிறார் என்று அறிய வேண்டும். ஆங்கிலப் பாடநூலில் இருந்த கேள்வியை அப்படியே தமிழாக்கிக் கொடுத்திருந்தேன். மூதூரிலிருந்து தலைச்சுற்றோடு ஓர் அம்மா வந்தார். பிரஷர் சரியாக இருந்தது. "இது எதனால் என்று நினைக்கிறீர்கள்?" என்று பயிற்சி வைத்தியர் கேட்டார். "அதை அறியத்தானே உங்களிடம் வந்தேன், டொக்டர்" என்றவர், கிளினிக் கொப்பியை எடுத்துப் பொலித்தீன் பைக்குள் வைக்கத் தொடங்கிவிட்டார்.

நான் குறுக்கிட்டு, "வீட்டில் இதைப் பற்றி என்ன கதைக்கிறார்கள், அம்மா?" என்றேன். கை நின்றது. "அடுத்த வீட்டு அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. பிறகு ஒரு பக்கம் இழுத்துவிட்டது." பாரிசவாதப் பயம் அவரை அத்தனை தூரம் கொண்டுவந்திருக்கிறது. நாங்கள் பிரஷர் மட்டும் பார்த்து அனுப்பியிருப்போம்!

இப்போது ஒவ்வொருவரும் தன் வீட்டில், தன் ஊரில் கேட்கும் விதத்தில் மூன்று கேள்விகள் எழுதிவர வேண்டும். ஒருவர் நோயாளியாக நடிக்க, மற்றவர் கேட்க, மூன்றாமவர் கவனிப்பார். கேட்டவர் தான் நன்றாகச் செய்ததை முதலில் சொல்ல வேண்டும். திருத்தம் அதற்குப் பிறகுதான். வைத்தியர்-நோயாளி உரையாடலை ஆராய்ந்த பென்டில்டன் குழுவினர் வகுத்த இந்த ஒழுங்கை நான் மாற்றுவதில்லை.

நான்காம் படி: எப்போது திரும்பி வர வேண்டும் என்று சொல்வது. "காய்ச்சல் குறையாவிட்டால் வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதை நான் அனுமதிப்பதில்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்குகிறது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை மறக்க முடியுமா? "காய்ச்சல் விட்டாலும் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, சோர்வு, சிறுநீர் குறைவு, எது வந்தாலும் உடனே வாருங்கள்" என்று சொல்லி, கேட்டதை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: கூட வந்த மகளே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால் என்ன செய்வது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். மகளை வெளியே அனுப்பிப் பார்த்தேன்; இருவருக்கும் மனம் சுருங்கியது. இப்போது மகளை முழுதாகப் பேசவிட்டு, "மகள் சொல்லிவிட்டா, இனி நீங்கள் சொல்லுங்கள் அம்மா" என்று கதிரையைத் தாயின் பக்கம் திருப்பச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பவர் கூட இருக்கும்போதும் பார்வை நோயாளியிடமே இருக்க வேண்டும்.