முன்பணத்தோடு சேர்த்து வாங்கும் வம்பு: சிற்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிற்பிக்கும் சிலை செய்யச் சொன்னவருக்கும் சண்டை மூண்டால் ‘கலைஞனின் சுதந்திரம்’ என்று ஒரு தரப்பும் ‘காசு கொடுத்தது நான்’ என்று மறு தரப்பும் கொடி பிடிக்கும். வம்புக்கு விதை பெரும்பாலும் முன்பணம் கைமாறிய அன்றே விழுந்திருக்கும்.

முடியாத தேதிக்குத் தலையாட்டுவதுதான் பெரிய தவறு. 1891இல் பிரெஞ்சு எழுத்தாளர் சங்கம், நாவலாசிரியர் பால்சாக்கின் சிலையைச் செய்யும் பொறுப்பைச் சிற்பி ஒகுஸ்த் ரொதானிடம் கொடுத்தது. பதினெட்டே மாதத்தில் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். பால்சாக் இறந்தோ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ரொதான் பால்சாக்கின் சொந்த மாவட்டத்துக்குப் போய் அதே முகவெட்டுள்ளவர்களைத் தேடினார். பழைய தையல்காரரைப் பிடித்து, பால்சாக்கின் அளவிலேயே உடை தைத்து வாங்கினார். கெடு எப்போதோ கடந்துவிட்டது. 1898இல் அங்கி போர்த்த அந்தப் பிளாஸ்டர் உருவத்தைக் காட்சிக்கு வைத்தபோது, இது பால்சாக்கே இல்லை என்று சங்கம் கைவிரித்தது. ரொதான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிலையைத் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். அவர் இறந்து 22 ஆண்டுகள் கழித்து, 1939இல்தான் அது வெண்கலமாகப் பாரிஸ் தெருவில் நின்றது.

மேதையை மூடர்கள் புரிந்துகொள்ளாத கதையாகவே இதைச் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் கதை. ஏழு ஆண்டுகள் காத்திருந்தவர்களிடம் புதுமையை ரசிக்கும் பொறுமை எவ்வளவு மிஞ்சியிருக்கும்? ஆனாலும் பணத்தை வைத்துக்கொண்டு வாதாடாமல் திருப்பிக் கொடுத்தாரே, அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

அடுத்தது, யார் சரி என்றால் சரி என்று கேட்டு வைக்காதது. நம் ஊரில் மார்பளவுச் சிலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மகன் ஒரு பாஸ்போர்ட் படத்தைக் கொடுப்பார். களிமண்ணில் முகம் வந்ததும் மருமகன் வந்து மூக்கைக் குறைக்கச் சொல்வார், அத்தை வந்து அவர் இப்படி முறைக்கவே மாட்டார் என்பார். களிமண்ணில் திருத்துவது ஒரு மணி நேர வேலை. அச்சு எடுத்த பிறகு திருத்தினால் கூலியும் நாளும் கையை விட்டுப் போகும். ஒரே ஒருவரின் ஒப்புதலை, களிமண் நிலையிலேயே, கையெழுத்தாக வாங்கிவிடுங்கள்.

வைக்கும் இடத்தையும் பீடத்தையும் பேசாமல் விடுவதும் தவறுதான். பிரான்சின் கலே நகரத்துக்காகச் செய்த, அந்நகரின் ஆறு குடிமக்களைக் காட்டும் சிலையைத் தரைமட்டத்தில் வைக்க ரொதான் விரும்பினார். 1895இல் உயரப் பீடத்தில் ஏற்றி வேலியும் போட்டார்கள்.

விற்றதோடு உரிமையும் போயிற்று என்று நினைப்பது நம் நாட்டில் வீண் இழப்பு. தில்லியில் உள்ள அரசு மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அவரைக் கேட்காமலேயே பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பைக் கைமாற்றிய பிறகும் அதைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைக் கலைஞருக்குத் தருகிறது. 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பாகங்களைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. அவ்வளவு காலம் நீதிமன்றம் ஏற எல்லோராலும் முடியாது. ஆகவே, சிலையை எடுப்பதானால் முதலில் சிற்பிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேளுங்கள். மறுத்தால், அது ஒருநாள் எடைக்குப் போகும் வாய்ப்பையும் கணக்கில் வைத்து விலை சொல்லுங்கள்.