கொரிய மடத்தில் ஓர் இரவு: போகும் முன் பழக வேண்டிய இரண்டு

பௌத்தத்தைக் கிட்ட இருந்து பார்க்க ஆசைப்படும் இளைஞர்களுக்குத் தென்கொரியாவின் ‘டெம்பிள்ஸ்டே’, அதாவது புத்த மடத்தில் தங்கிப் பழகுவது, நல்ல வாசல். 2002 உலகக்கோப்பைக் கால்பந்து சமயத்தில் தொடங்கிய திட்டம். இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட மடங்களில் நடக்கிறது. மதம் மாறத் தேவையில்லை. முதல்முறை போகிறவர்கள் தியானத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். சம்மணம் போட்டுப் பழகிய நமக்கு அது பெரிய விஷயமில்லை. தடுமாறுவது 108 வணக்கத்திலும் சாப்பாட்டுக் கிண்ணத்திலும்தான்.

முன்பதிவு

‘ஓய்வு’, ‘அனுபவம்’ என்று இரண்டு வகை உண்டு. ஓய்வு வகையில் வழிபாடும் சாப்பாடும் போக மற்ற நேரம் உங்களுடையது. முதல்முறை என்றால் அனுபவ வகையை எடுங்கள். ஆங்கிலத்தில் நடத்தும் மடமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சியோல் நகருக்குள்ளேயே ஜோக்யேசா, போங்குன்சா இருக்கின்றன. தற்காப்புக் கலையோடு சேர்ந்த பயிற்சி வேண்டுமென்றால் கியோங்ஜு பக்கம் கோல்குல்சா.

மேலாடையும் தொளதொள கால்சட்டையும் மடத்திலேயே தருவார்கள். சாக்ஸ் மட்டும் மறக்கவே கூடாது. சன்னதிக்குள் வெறுங்காலோடு போவது அங்கே மரியாதைக் குறைவு. நம் கோயில் வழக்கத்துக்கு நேர் எதிர்! நடுவாசல் வழியாகவும் நுழையாதீர்கள், அது மூத்த துறவிகளுக்கு. பக்கக் கதவுதான் நமக்கு.

இரவு ஒன்பது மணி வாக்கில் விளக்கை அணைத்துவிடுவார்கள். விடியற்காலை நான்கு மணியையொட்டி மொக்தாக் என்ற மரத்தாளத்தின் ஓசை எழுப்பிவிடும்.

108 வணக்கம்

இது சாஷ்டாங்கம் அல்ல, ஐந்து அங்கம் தரையில் படும் வணக்கம்: இரு முழங்கால், இரு முழங்கை, நெற்றி.

1. கைகூப்பி நேராக நில்லுங்கள். முதுகை வளைக்காமல், தொடை பலத்தில் மெதுவாக இறங்கி, கால்விரல்களை மடித்து ஊன்றியபடி மண்டியிடுங்கள்.
2. முதலில் வலக்கை, பிறகு இடக்கையைத் தரையில் வையுங்கள். பாதங்களைப் படுக்கவைத்து, இடது பாதத்தை வலது பாதத்தின் மேல் போடுங்கள். பிட்டம் குதிகாலில் படியட்டும்.
3. நெற்றி தரையில் பட்டதும் உள்ளங்கைகளை மேல்நோக்கித் திருப்பிக் காதளவு உயர்த்துங்கள்.
4. எழும்போது விரல்களை மறுபடி மடித்து ஊன்றி, கைகூப்பி, தரையைக் கையால் தள்ளாமல் எழுந்திருங்கள்.

முழங்கால் வலிக்குக் காரணம் பெரும்பாலும் எண்ணிக்கையல்ல, இறக்கம். அவசரத்தில் ‘தொப்’பென்று மண்டியிட்டால் முப்பதிலேயே கால் நடுங்கும். நிமிடத்துக்கு நான்கைந்து போதும். 108-ம் அரைமணிக்குள் முடிந்துவிடும். வீட்டில் ஒரு வாரம் தினமும் இருபது செய்து பாருங்கள். முழங்காலில் பழைய அடி இருந்தால் முன்பே சொல்லிவிட்டு உட்கார்ந்தபடியே வணங்கலாம், யாரும் குறை சொல்லப்போவதில்லை.

நான்கு கிண்ணம்

நான்கு கிண்ணத்தில் முறைப்படி சாப்பிடுவது எல்லா மடத்திலும் இல்லை. பல இடங்களில் தட்டேந்திப் போட்டுக்கொள்வதுதான். இருக்கும் இடத்தில் தவறவிடாதீர்கள். பெயர் ‘பாரு கோங்யாங்’. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நான்கு கிண்ணங்கள்: பெரியதில் சோறு, அடுத்து சூப், பிறகு தண்ணீர், சிறியதில் தொடுகறி. சாப்பாட்டில் இறைச்சி, பூண்டு, வெங்காயத் தாள் கிடையாது. விலக்க வேண்டிய ஐந்து காரப்பொருள்களில் ஒன்றின் பெயர் ‘ஹுங்கோ’. அந்தச் சொல் வந்த வழி சமஸ்கிருத ‘ஹிங்கு’, அதாவது நம் பெருங்காயம்.

மூங்கில் தட்டும் சத்தத்துக்கு எல்லோரும் சேர்ந்து தொடங்கி, சேர்ந்து முடிப்பார்கள். பேச்சில்லை, கிண்ணம் உரசும் ஓசைகூட எழக்கூடாது. மிச்சம் வைக்கக்கூடாது என்பதால் குறைவாகவே வாங்குங்கள்.

தொடக்கத்திலேயே ஒரு கிம்சித் (மிளகாய் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்) துண்டைச் சூப்பில் அலசி, மிளகாய் போக்கி, ஒதுக்கி வையுங்கள். பலர் இதை மறந்து அதையும் தின்றுவிடுகிறார்கள். பிறகு கிண்ணம் துடைக்க எதுவும் இருக்காது. சாப்பிட்டு முடிந்ததும் சோற்றுக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றுவார்கள். சாப்ஸ்டிக்கால் கிம்சியைப் பிடித்துச் சுற்றித் தேய்த்து, அதே நீரைச் சூப் கிண்ணத்துக்கும், பிறகு தொடுகறிக் கிண்ணத்துக்கும் மாற்றித் தேய்த்து, கிம்சியோடு குடித்துவிடுங்கள். முகம் சுளிக்க வேண்டாம், நீர்த்த ரசம் மாதிரிதான் இருக்கும்.

கடைசியில், தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருந்த சுத்தமான நீரால் மற்றவற்றை அலசி, பொது வாளியில் ஊற்ற வேண்டும். அந்த நீர் பசித்த பேய்களுக்கான படையல். அவற்றின் தொண்டை ஊசித்துளை அளவே என்பது நம்பிக்கை. ஒரு மிளகாய்த் துணுக்கு மிதந்தாலும் தொண்டை எரியும். அதனால் ஊற்றுவதற்கு முன் கிண்ணத்தை வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள்.